சுவரைக் கடக்கும் செம்பு

வண்டியில் ஆடியோ போட்டிருக்கிறேன், வந்து பாருங்கள் என்று யாராவது அழைத்தால், போகிறவர்கள் நேரே டிக்கிப் பக்கம்தான் போவார்கள். சப் ஊஃபர் அங்கே இருக்கிறது, பளபளக்கும் ஆம்ப்ளிஃபையர் அங்கே இருக்கிறது. கண் அங்கே போவது இயல்புதான். நான் பானெட்டைத் திறக்கச் சொல்வேன். பேட்டரியின் பிளஸ் முனையில் புறப்பட்டு, எஞ்சினுக்கு ஒதுங்கி, பின்சுவரோரம் நடந்து, ஓரிடத்தில் சத்தமில்லாமல் உள்ளே புகுந்து மறைகிறதே ஒரு சிவப்புக் கேபிள், அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். எங்கே திரும்புகிறது, எதைத் தொடாமல் விலகுகிறது, சுவரை எந்த வாசலில் கடக்கிறது என்பதிலேயே அந்த வேலையைச் செய்தவரின் கை முழுவதும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பதே வேறொரு சுகம்.

முதலில் கேபிளைக் கையில் வாங்கிப் பார்ப்போம். நான்கு கேஜ் என்று கடையில் கேட்டு வாங்குவது உறையோடு சேர்த்துச் சுண்டுவிரலைவிடச் சற்றே மெலிந்திருக்கும். உள்ளே 21 சதுர மில்லிமீட்டர் அளவுக்குச் செம்பு. அவ்வளவு செம்பையும் ஒரே கம்பியாக இழுத்திருந்தால் வண்டிக்குள் ஒரு வளைவுகூட வளையாது. அதனால் அதை முடியிழை மெலிவுக்குப் பிரித்து, நூற்றுக்கணக்கான இழைகளாக, நல்ல கேபிள்களில் ஆயிரத்துக்கும் மேலாக, முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். உறையை ஓர் அங்குலம் சீவிவிட்டு நுனியை விரலால் லேசாக நிமிண்டிப் பாருங்கள். இழைகள் மலர்ந்து விரியும். இளஞ்சிவப்பும் பொன்னும் கலந்த அந்த நிறத்தில் ஒளி சறுக்கி ஓடும். கத்தி முனையால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே பருமனில் அது கடத்தும் மின்சாரம் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே தேறும். விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேஜ், இரண்டு கேஜ் தடிமனாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் காதில் போட்டுவைப்பேன்.

கேஜ் எண் குறையக் குறையக் கேபிள் தடிக்கும் என்பது முதலில் விசித்திரமாகப் படும். கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய அச்சுத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்கிய பட்டறை வழக்கம் அது. கூடுதல் முறை இழுபட்டதற்குக் கூடுதல் எண். ஆக, சிறிய எண்ணைத் தாங்கிய கேபிள் குறைவாக இழுபட்டது. உடம்பில் சதைப்பற்று மிகுந்தது. சந்தடியில்லாமல் ஆம்பியரைச் சுமப்பது அந்தச் சதைப்பற்றுதான்.

ஏன் இத்தனை தடிமன்? இளையராஜா பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனியொரு நடை போட்டுக்கொண்டே வரும் பேஸ் கிட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொரு கீழ் ஸ்வரத்துக்கும் ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். அசைக்கும் பலம் அந்தக் கணமே பேட்டரியிலிருந்து வர வேண்டும். 500 வாட் ஆம்ப் முழு மூச்சில் பாடும்போது 50 ஆம்பியர் வரைக்கும் கேட்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு கேஜ் செம்பு அந்த வழியில் எடுத்துக்கொள்வது 0.2 வோல்ட். எட்டு கேஜ் என்றால் அரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் உலகத்தில் அரை வோல்ட் சின்னத் தொகை இல்லை. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்றபோது அங்கே வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடின. அதே வாட்டுக்கு இரட்டிப்பு ஆம்பியர்! அன்றைக்கு இப்படியோர் ஊஃபரைப் பாட வைப்பதென்றால் எத்தனை தடித்த கேபிள் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது, நம் கையிலிருக்கும் இந்தச் சிவப்புக் கேபிள் எவ்வளவு நளினமாகத் தோன்றுகிறது!

பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் நிலைத்துவிட்ட கணக்கு. நல்ல கைகள் அதற்கும் கிட்டத்தில், பேட்டரி நிற்கும் தட்டின் ஓரத்திலேயே ஃபியூஸ் உறையை அமர்த்திவிடும். தெளிந்த பிளாஸ்டிக் மூடிக்குள் தட்டையான ஓர் உலோகப் பட்டை. நடுவில் மட்டும் இடை சிறுத்து ஒடுங்கியிருக்கும். எவ்வளவு பெரிய விபரீதத்துக்கும் விடை அந்தச் சிற்றிடையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற வைத்த ஃபியூஸ் இது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது காப்பது கேபிளை. கேபிள் வழியாக வண்டியை, வண்டிக்குள் இருக்கும் குழந்தைகளை. எங்கோ ஓரிடத்தில் உறை தேய்ந்து செம்பு பாடியைத் தொட்டுவிட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். கேபிள் முழுக்கத் தணலாகும். அதற்கு முன் இந்த ஒடுங்கிய பட்டை உருகி வழியை அறுத்துவிடும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சிறு துண்டுக்கு மட்டும்தான் காவல் கிடையாது. அந்தத் துண்டை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, செய்தவர்மேல் ஒரு பாசமே வந்துவிடுகிறது.

அங்கிருந்து கேபிள் நடக்கும் நடையைப் பாருங்கள். வரிவரியான கறுப்பு ஸ்லீவ் ஒன்றை உடுத்திக்கொண்டு, சைலன்சர் வழி கொதிக்கும் பக்கத்தை அறவே விட்டு, பெல்ட் சுழலும் பக்கத்தை விட்டு, கம்பெனி வயரிங் ஏற்கெனவே போகும் பாதையில் அதன் ஓரமாகவே சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் உறுதியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினாலும் ரப்பர் மவுண்ட்டின்மேல் எப்போதும் ஆடிக்கொண்டிருப்பது. அதனால் கேபிளை எஞ்சினோடு எங்கேயும் கட்டுவதில்லை; பாடியோடு மட்டும் கட்டுகிறார்கள். டை ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில், வால் ஒட்ட நறுக்கி, கூர் தெரியாதபடி உள்பக்கம் திருப்பி. பின்னால் என்றைக்காவது பேட்டரி மாற்ற வருகிற ஒருவரின் புறங்கையில் அந்தக் கூர் கீறிவிடக் கூடாது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. முன்பின் தெரியாத அந்த ஒருவர்மேல் காட்டிய இந்தக் கரிசனம் போதும், நான் அந்த வேலையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வதற்கு.

இப்போது சுவர் வருகிறது.

ஃபயர்வால் என்று எல்லா மெக்கானிக்குகளும் சொல்லும் அந்தத் தகடு, எஞ்சினின் சூட்டையும் புகையையும் சத்தத்தையும் நம்மிடம் வரவிடாமல் தடுத்து நிற்பது. கனம் என்னவோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எஞ்சின் பக்கம் வெப்பத்துக்கு ஒரு மெத்தை, உள்பக்கம் சத்தத்துக்கு ஒரு மெத்தை. அந்தச் சுவரை உற்றுப் பார்த்தால் அது எத்தனை வாசல்களோடு நிற்கிறது என்பது தெரியும். ஸ்டியரிங் தண்டுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏசி குழாய்களுக்கு ஒன்று, முழங்கைப் பருமனில் வரும் மெயின் வயரிங் கட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வாசலுக்கும் அதனதன் அளவுக்கு வார்த்த ரப்பர் கிராமெட். சுற்றிலும் ஒரு பள்ளம். தகட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வராது, புகை வராது, ஆனால் வயர் வரும். எண்ணிப் பார்த்தால், இத்தனை சிறிய ஒரு ரப்பர் வளையத்துக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு!

புதிய கேபிளுக்கு வாசல் தேடும் அந்தக் கட்டம்தான் இந்தக் கலையின் உயிர்நிலை என்பேன். அவசரக்காரர் டிரில்லை எடுப்பார். கலைஞர் டார்ச்சை எடுப்பார். டாஷ்போர்டின் அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சிவிட்டு எஞ்சின் பக்கம் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பார். மெயின் வயரிங் கிராமெட்டைச் சுற்றி விரல் நுனியால் தடவுவார். பல வண்டிகளில் அந்த ரப்பரின் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கூம்புகள் முளைத்திருக்கும், வாய் மூடியபடி. இந்த மாடலில் இல்லாத ஏதோ ஒரு வசதிக்காக, வேறொரு மாடலில் வயர் போவதற்காக, கம்பெனி வைத்துவிட்டுப் போன வாசல்கள் அவை. வண்டியை வடிவமைத்தவர் எந்த நாட்டிலோ இருப்பார். அவர் மூடிவைத்த அந்தக் கூம்பை, ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை வாசலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் ஒருவர் விரல் தடவிக் கண்டுபிடிக்கிறார். இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதே இல்லை. எனக்கு இந்த இடம் சொல்ல முடியாத அளவுக்குப் பிடிக்கும்.

கூம்பின் நுனியை மட்டும் நறுக்க வேண்டும். எவ்வளவு நறுக்குவது என்பதில்தான் கை தெரியும். திறக்கும் துளை கேபிளின் பருமனைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ரப்பர் தானே விரிந்து, கேபிளைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினாலும் அந்தப் பிடி கிடைக்காது. பிறகு, கெட்டியான மெல்லிய கம்பி ஒன்றை முதலில் அனுப்பி வழி பார்க்கிறார்கள். கேபிளின் நுனியைச் சரிவாகச் சீவி, கம்பியோடு சேர்த்து வழவழப்பாக டேப் சுற்றி, கூரான ஒரு முகம் கொடுக்கிறார்கள். அந்த முகத்தில் சோப்புத் தண்ணீர். வளையல்காரர் மணப்பெண்ணின் கையைச் சோப்பு நுரையில் குழைத்து, எலும்பு மடங்கும் திசையறிந்து, ஒரு கண்ணாடி வளையலும் உடையாமல் ஏற்றுவாரே, அந்தக் கைப்பதம் இங்கே அப்படியே வேண்டியிருக்கிறது. ரப்பருக்கும் நோகக் கூடாது, கேபிளின் உறைக்கும் நோகக் கூடாது.

எஞ்சின் பக்கம் பெரியவர். உள்ளே, சீட்டில் காலும் தரைவிரிப்பில் தலையுமாக, டாஷ்போர்டின் அடியில் முகத்தைச் செருகிக்கொண்டு உதவிக்கு வந்த பையன்.

“தம்பி, கம்பி தெரியுதா?”

“வந்துருச்சுண்ணே. பிடிச்சுட்டேன்.”

“இழுக்காத. நான் தள்ளுறேன். நீ வழி மட்டும் காட்டு.”

இழுத்தால் ரப்பர் பள்ளத்தை விட்டுப் பிதுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்பது பெரியவருக்குத் தெரியும். தள்ளினால் விரல் விரலாக வரும். பையனின் உள்ளங்கையில் சோப்பு நுரையோடு சிவப்புக் கேபிள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது. டிக்கி வரைக்கும் வேண்டிய நீளம் முழுக்க அப்படியே, அவசரமில்லாமல். எல்லாம் வந்த பிறகு பெரியவர் கிராமெட்டின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், தகடு பள்ளத்துக்குள் முழுவட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று. அந்த ஒரு சுற்று எத்தனை அழகு!

எல்லா வண்டியிலும் கூம்பு கிடைக்காது. பானெட் திறக்கும் கேபிள் போகிற சிறு ரப்பரிலும் இடம் இருக்காது. அப்போது துளை போட்டே ஆக வேண்டும். அதிலும் ஒரு நயம் இருக்கிறது. இரண்டு பக்க மெத்தையையும் விலக்கி, பின்னால் ஏசி குழாயோ பிரேக் லைனோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, படிப்படியாக விரியும் டிரில்லால் மெல்லத் திறக்கிறார்கள். வெட்டுப்பட்ட தகட்டின் விளிம்பு சவரக் கத்தி. வண்டி ஓடும் நேரமெல்லாம் அதிரும் அந்தக் கத்தியின்மேல் கேபிளின் உறை எத்தனை நாள் தாங்கும்? அதனால் அரத்தால் பிசிறை வழித்து, வெறும் இரும்பு தெரிகிற வளையம் முழுக்கத் துருப்பிடிக்காத பெயின்ட் தொட்டு, அது காய்ந்த பிறகே புது கிராமெட்டைப் பொருத்துகிறார்கள். பெயின்ட் காயும் வரை காத்திருக்கும் கடைகளுக்கு நான் எத்தனை மைல் வேண்டுமானாலும் வண்டி ஓட்டிப் போவேன்.

இன்னொன்றைக் காட்டாமல் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. கேபிள் கிராமெட்டுக்குள் புகுவதற்குச் சற்று முன்னால், ஒரு சிறிய தொய்வு. வாசலின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போகிறது. பார்க்கிறவர் கவனக்குறைவு என்று நினைக்கலாம். ஐப்பசி மழையில் முன்கண்ணாடியில் வழியும் தண்ணீர் பானெட்டின் ஓரமாக இறங்கி, கேபிளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வரும். தொய்வின் அடிவளைவுக்கு வந்ததும் அதற்கு மேலே ஏற வழியில்லை. அங்கேயே துளியாகத் திரண்டு கீழே விழுந்துவிடும். ஒரு வளைவு கொடுத்து மழையைத் திருப்பி அனுப்பிவிட்டார்! கூடவே, எஞ்சின் அதிர்வும் அந்தத் தொய்வில் கரைந்துவிடுகிறது; ரப்பரில் இழுவை விழுவதில்லை.

உள்ளே வந்துவிட்ட கேபிளுக்கு முதல் மரியாதை பெடல்களை விட்டு விலகுவது. கிளட்ச் முழுக்க அழுந்தும் இடம், ஸ்டியரிங் தண்டு சுழலும் இடம், இரண்டுக்கும் கை நீளம் தள்ளி, பக்கச் சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து கதவடி. கதவைத் திறந்ததும் கால் படுகிற அந்த பிளாஸ்டிக் பட்டையைக் கிளிப் கிளிப்பாக எடுத்தால், அடியில் கம்பெனி வயரிங் போவதற்கு ஒரு வாய்க்கால் இருக்கும். மஞ்சள் உறை போட்டது காற்றுப்பையின் வயர். அதற்கு இடம் விட்டு, சற்றுத் தள்ளியே நம் கேபிள் படுத்துக்கொள்கிறது. நடுத்தூணின் அடியில் சீட் பெல்ட் சுருளும் உருளை இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறது. பட்டையை மறுபடி அழுத்தினால் ‘டக் டக்’ என்று கிளிப்கள் உட்காரும். ஒரு மேடு தெரியாது. பாட்டை ஏந்தி வரும் சிக்னல் வயர் வண்டியின் மறுபக்கக் கதவடியில் வருகிறது. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் கலந்து எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் எர்த் சரியில்லாததுதான் காரணம். ஆனாலும் இந்த இருவரையும் வெவ்வேறு தெருவில் நடக்கவிடுகிற வழக்கத்தைத் தேர்ந்த கைகள் விடுவதில்லை.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் சில தலைமுறைகளில் பேட்டரியே டிக்கியில்தான். அங்கே கம்பெனியே தடித்த கேபிளைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுபோகிறது. பெரிய விபத்தில் காற்றுப்பை விரியும்போது, சிறு வெடிமருந்து ஒன்று வெடித்து அந்தக் கேபிளை பேட்டரி முனையிலிருந்து விடுவித்துவிடும் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். வண்டியின் நெடுக ஓடும் ஒரு கேபிளுக்கு எவ்வளவு மரியாதை தரலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

டிக்கியில் கேபிளின் நுனிக்கு ஒரு லக். இழைகள் ஒன்றுகூட வெளியே பிரியாமல் உள்ளே போய், கிரிம்பிங் பிளேயரின் ஓர் அழுத்தத்தில் செம்பும் லக்கும் ஓருடலாகிவிடும். மேலே சிவப்பு ஹீட் ஷ்ரிங்க். சூடு பட்டதும் சுருங்கி, தோலாக ஒட்டிக்கொள்ளும். எர்த் கேபிளும் அதே தடிமன். வந்த ஆம்பியர் அத்தனையும் திரும்பிப் போக வேண்டுமே! அதன் நீளம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். பாடியில் ஒரு போல்ட்டைச் சுற்றி ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு கண்ணாடியாக மின்னும் வரை தேய்த்து, பல்வைத்த வாஷரோடு முடுக்கி, அதன்மேல் கிரீஸ் தடவி மூடுகிறார்கள்.

வேலை தொடங்கும்போது கழற்றிய பேட்டரி மைனஸ் இப்போது திரும்ப ஏறுகிறது. ஃபியூஸ் கடைசியில். அதையும் நேரடியாக வைத்துவிடுவதில்லை. அதன் இரண்டு முனைக்கும் நடுவே முதலில் ஒரு 12 வோல்ட் பல்பைத் தொட வைக்கிறார்கள். ஆம்புக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் பசியோடு இழுக்கும் முதல் மின்சாரம் பல்பு வழியாக நிதானமாகப் போய் நிரம்புகிறது. பல்பு அணைந்ததும் ஃபியூஸை முடுக்கினால் ஒரு பொறிகூடப் பறக்காது. அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாடவிட்டுவிட்டு, பெரியவர் ஃபியூஸ் உறை, பேட்டரி முனை, ஆம்ப் முனை, எர்த் போல்ட் என்று ஒவ்வோர் இடமாகப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். ஓரிடமும் சுடவில்லை. “மூடலாம்ணே” என்கிறான் பையன். “இரு” என்று சொல்லிவிட்டு, பெரியவர் கிராமெட்டின் விளிம்பில் நகத்தை இன்னொரு சுற்று விடுகிறார்.